ஸ்பானிஷ் வகுப்பறைச் சொற்கள்: தமிழ் வீட்டில் குழந்தைக்குச் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகள் டெக்சஸில் இருமொழி வகுப்பில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பது ஸ்பானிஷ் சொற்கள் தெரியும். கோடை விடுமுறை முழுக்க படம் போட்ட அட்டைகளைக் காட்டி நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பென்சில், புத்தகம், நாற்காலி, கடிகாரம் என்று எதைக் காட்டினாலும் பட்டென்று சொல்வாள். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒருநாள் டீச்சர் "ஸாக்கென் லா தரேயா" என்றிருக்கிறார். மற்ற பிள்ளைகள் பையைத் திறந்து தாளை எடுத்து மேசைமேல் வைக்க, இவள் மட்டும் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். வீட்டுப்பாடத்தை எடுங்கள், அவ்வளவுதான் அர்த்தம். நான் சொல்லிக்கொடுத்த நாற்பதில் ஒரு சொல்கூட அந்த வாக்கியத்தில் இல்லை.

தப்பு என்னுடையது. வகுப்பறை பொருள்களின் பெயரால் ஓடுவதில்லை, ஏவல் வினைகளால் ஓடுகிறது: உட்கார், எடு, திற, மூடு, கேள், வரிசையில் நில். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் காது, அப்புறம் கட்டளைகள், அப்புறம் குழந்தை தானே கேட்டு வாங்க வேண்டியவை, கடைசியில்தான் பொருள்களின் பெயர். ஆறிலிருந்து பத்து வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். அப்பா அம்மாவுக்கு ஸ்பானிஷ் ஒரு சொல்கூடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

முதலில் காதும் நாக்கும்

ஒரு நல்ல செய்தி. ஸ்பானிஷ் ஒலிகளுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் பக்கத்தில் இருக்கிறது. குழந்தை ஆங்கிலம் வழியாகப் போனால் சுற்றுவழி, தமிழ் வழியாகப் போனால் குறுக்குவழி.

ஸ்பானிஷ் 'தெ' எழுத்து (t) நம் 'தலை'யில் வருகிற த. அமெரிக்க ஆங்கிலத்து ட அல்ல, மூச்சுக்காற்றும் புஸ்ஸென்று வெளியே வராது. 'தே' எழுத்து (d) இரண்டு உயிருக்கு நடுவில் வந்தால் நம் 'அது'வில் வருகிற மெல்லிய த, ன் ஒலிக்குப் பின்னால் வந்தால் 'அந்த'வில் வருகிற த. நாமும் ஒரே எழுத்தை இடத்துக்குத் தக்கபடி வன்மையாகவும் மென்மையாகவும் சொல்கிறவர்கள்தானே, அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கிறது.

'என்' (n) என்ற எழுத்தின் தலையில் சின்ன அலைக்கோடு போட்டிருந்தால் அது ஞ. வேறு விளக்கமே வேண்டாம். பாஞோ என்றால் கழிப்பறை, நீஞோ என்றால் சிறுவன், மஞானா என்றால் நாளை. ஆங்கிலம் மட்டும் பேசுகிற பிள்ளைகள் 'மன்-யானா' என்று இரண்டாக உடைத்துக்கொண்டிருக்கும்போது, ஞாயிறு என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு இது முதல் தடவையே வந்துவிடும்.

ஆர் எழுத்து ஒன்று வந்தால் ர, இரண்டு சேர்ந்து வந்தால் நாக்கு நுனி படபடவென்று அடிக்கிற ற. பேரோ என்றால் 'ஆனால்', பேறோ என்றால் நாய். நம்மில் பலருடைய பேச்சில் ரவும் றவும் ஒன்றாகிவிட்டன, ஆனாலும் மரம் என்பதையும் மறம் என்பதையும் பள்ளியில் பிரித்துச் சொல்லிப் பழகிய நாக்கு கொஞ்சம் தட்டினால் எழுந்துகொள்ளும். கன்னியாகுமரிப் பக்கத்துப் பாட்டி யாராவது வீட்டில் இருந்தால் அவரையே ஆசிரியர் ஆக்கிவிடுங்கள். ஒரு சங்கடம், சொல்லின் தொடக்கத்தில் ஆர் வந்தாலும் அது ற-தான்: றேக்லா என்றால் அளவுகோல், றோஹோ என்றால் சிவப்பு. தமிழில் எந்தச் சொல்லும் ற-வில் தொடங்காது என்பதால் பிள்ளைக்கு இது முதலில் சிரிப்பாக இருக்கும். சிரிக்கட்டும்.

எச் எழுத்து ஊமை, ஜே எழுத்து தொண்டையிலிருந்து வரும் ஹ. இந்த இரண்டும் சேர்ந்த சொல் ஒன்று இருக்கிறது, தாள் என்பதற்கான ஓஹா. எச் என்று தொடங்கும், அதைச் சொல்லக் கூடாது, நடுவில் இருக்கிற ஜேயை ஹ என்று சொல்ல வேண்டும். ஓஹா என்றால் இலை என்றும் அர்த்தம், தாள் என்றும் அர்த்தம். ஓலையில் எழுதிவந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எல் எழுத்து இரண்டு சேர்ந்தால் பெரும்பாலான நாடுகளில் ய: ஸீயா, நாற்காலி. வி (v) எழுத்தும் பி (b) எழுத்தும் ஒரே ஒலி, சொல்லின் தொடக்கத்தில் 'கம்பு'வின் ப போல, நடுவில் உதடு முழுக்க ஒட்டாமல் நம் வ-வுக்குப் பக்கத்தில்.

அழுத்தம்தான் தமிழ்க் குழந்தைக்கு உண்மையான கஷ்டம். நாம் எல்லா அசையையும் சமமாகச் சொல்லிப் பழகியவர்கள், ஸ்பானிஷில் ஓர் அசை மட்டும் எழும்பி நிற்கும். நான் கண்டுபிடித்த வழி, அந்த அசையை நெடிலாக எழுதிக்கொள்வது: லாப்பிஸ் (பென்சில்), பப்பேல் (காகிதம்), பென்தானா (சன்னல்). கடைசியில் வருகிற ஆ, ஓ இரண்டையும் நான் இங்கே நெடிலாக எழுதியிருந்தாலும் பாதியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தமிழில் குறிலாக எழுதினால் பார்க்க விகாரமாக இருக்கிறது என்பதால்தான் அப்படி. இந்தத் தமிழ் எழுத்துகள் உங்களுக்கு மட்டும், குழந்தைக்கு அல்ல. நம் எழுத்தில் ப-வின் இரண்டு ஒலிக்கும் ஒரே வடிவம், த-வுக்கும் அப்படியே. அதனால் குழந்தை ஸ்பானிஷ் எழுத்திலேயே படிக்கட்டும், நீங்கள் தாளை ஒளித்து வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டளைகள்: உட்கார்ந்து படிக்காதீர்கள்

அமெரிக்காவில் சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியல் பேராசிரியர் 1960-களில் ஒரு முறையை உருவாக்கினார். ஆசிரியர் கட்டளை சொல்வார், தானே செய்து காட்டுவார், மாணவர் உடம்பால் செய்வார், வாயைத் திறக்க வேண்டிய கட்டாயமே கிடையாது. கைக்குழந்தை பேசுவதற்கு முன்பே 'தா' என்றால் தருகிறதே, அதே கணக்கு. வகுப்பறைச் சொற்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்க்கவில்லை, ஏனென்றால் வகுப்பில் குழந்தை செய்யப்போவதும் அதுதான்.

முதல் வாரம் ஆறே ஆறு: ஸியேன்தென்ஸெ (உட்காருங்கள்), லெவான்தென்ஸெ (எழுந்திருங்கள்), எஸ்க்கூச்சென் (கேளுங்கள்), மீரென் (பாருங்கள்), ஆப்ரன் எல் லீப்ரோ (புத்தகத்தைத் திறங்கள்), ஸியேறென் எல் லீப்ரோ (மூடுங்கள்). சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்கள் சொல்ல, பிள்ளை செய்ய வேண்டும். முதல் இரண்டு நாள் நீங்களும் கூடவே செய்யுங்கள், மூன்றாம் நாள் கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள். நான்காம் நாள் வரிசையை மாற்றிக் குழப்புங்கள். ஐந்தாம் நாள் பிள்ளை சொல்லட்டும், நீங்கள் தோப்புக்கரணம் போடுகிற மாதிரி எழுந்து எழுந்து உட்காருங்கள். எங்கள் வீட்டில் அந்த ஐந்தாம் நாளுக்காகத்தான் மகள் மற்ற நான்கு நாளையும் பொறுத்துக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் சேர்க்க வேண்டியவை: ஸாக்கென் (வெளியே எடுங்கள்), குவார்தென் (உள்ளே வையுங்கள்), எஸ்க்ரீவன் (எழுதுங்கள்), றெப்பீத்தன் (திரும்பச் சொல்லுங்கள்), லெவான்தென் லா மானோ (கையைத் தூக்குங்கள்), ஆகன் ஃபீலா (வரிசையில் நில்லுங்கள்), நோ கோறன் (ஓடாதீர்கள்). ஸிலேன்ஸியோ என்பதை நான் சொல்லித்தரத் தேவையில்லை, எந்த மொழி வகுப்பிலும் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், பலர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். மேலே உள்ள வினைகள் எல்லாம் ன் என்று முடிகின்றன (ஸியேன்தென்ஸெ, லெவான்தென்ஸெ இரண்டில் மட்டும் அந்த ன்னுக்குப் பின்னால் ஒரு ஸெ ஒட்டியிருக்கும்), ஏனென்றால் டீச்சர் மொத்த வகுப்பிடம் பேசுகிறார். நம் 'உட்காருங்கள்' மாதிரி இது பன்மை, ஆனால் மரியாதைக்காக வந்தது அல்ல. ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துச் சொல்லும்போது நீ என்ற வடிவம் வரும்: ஸியேன்ததெ, எஸ்க்கூச்சா, மீரா, ஆப்ரெ எல் லீப்ரோ. வீட்டில் ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருமையில் மட்டும் பழக்கினால், வகுப்பில் பன்மையைக் கேட்டதும் வேறு சொல் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு பொம்மைகளைப் பக்கத்தில் உட்காரவைத்தால் பன்மைக்குக் காரணம் கிடைத்துவிடும். ஸ்பெயின் நாட்டு ஆசிரியராக இருந்தால் பன்மை வடிவமே வேறு (ஸென்தாவோஸ், எஸ்க்குச்சாத்), அதனால் ஆசிரியர் எந்த நாட்டுப் பேச்சு பேசுகிறார் என்று முதலிலேயே கேட்டு வையுங்கள்.

குழந்தை வாய் திறக்க வேண்டிய இடங்கள்

பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்றேன், ஆனால் சில வாக்கியங்கள் தயாராக இருந்தே ஆக வேண்டும். தலையாயது கழிப்பறை. இதை முழு வாக்கியமாக, ஒரே மூச்சில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி பழக்குங்கள்.

புவேதோ ஈர் அல் பாஞோ? — நான் கழிப்பறைக்குப் போகலாமா?
புவேதோ தொமார் ஆகுவா? — தண்ணீர் குடிக்கலாமா?
நோ என்தியேந்தோ. — எனக்குப் புரியவில்லை.
ஓத்ரா பேஸ், போர் ஃபவோர். — இன்னொரு தடவை, தயவுசெய்து.
மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர். — இன்னும் மெதுவாக.
கோமோ ஸெ தீஸெ இது என் எஸ்பஞோல்? — இதை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?
மே ப்ரேஸ்தாஸ் உன் லாப்பிஸ்? — எனக்கு ஒரு பென்சில் கடன் தருவாயா?
யா தெர்மினே. — முடித்துவிட்டேன்.
மே துவேலெ லா பான்ஸா. — வயிறு வலிக்கிறது.

ஆறாவது வாக்கியத்தின் நடுவில் தமிழ்ச் சொல்லை விட்டது வேண்டுமென்றேதான். தெரியாத பொருளின் இடத்தில் எந்த மொழிச் சொல்லைப் போட்டாலும் வாக்கியம் ஓடும், விரலால் காட்டினாலும் ஓடும். இந்த ஒரு வாக்கியம் வந்துவிட்டால் மிச்சச் சொற்களைக் குழந்தை தானே வாங்கிக்கொள்ளும், நீங்கள் அட்டை தயாரிக்கத் தேவையில்லை.

ப்ரேஸ்தாஸ் என்பது நீ. டீச்சரிடம் கேட்டால் கடைசி ஸ் போய்விடும்: மே ப்ரேஸ்தா. அது நீங்கள். நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும், "டீச்சரை நீ என்று சொல்வாயா?" என்று கேட்டால் தீர்ந்தது. மெக்சிகோ வழி ஆசிரியர்கள் இந்த மரியாதையைக் கவனிப்பார்கள், ஸ்பெயினில் பிள்ளைகள் ஆசிரியரை நீ என்றே சகஜமாகப் பேசுவார்கள். அழைப்பதற்கு மாயேஸ்த்ரா, ஆணாக இருந்தால் மாயேஸ்த்ரோ. வருகைப் பதிவுக்கு ப்ரெஸேன்தெ.

பொருள்களின் பெயர்: பாலோடு சேர்த்து

சரி, இப்போது அட்டைகளை எடுக்கலாம். ஆனால் லீப்ரோ என்று எழுதாதீர்கள், எல் லீப்ரோ என்று எழுதுங்கள். மேஸா அல்ல, லா மேஸா. ஸ்பானிஷில் எல்லாப் பொருளும் ஆணோ பெண்ணோ, எல் ஆணுக்கு, லா பெண்ணுக்கு. அஃறிணைக்குப் பால் பார்க்காத தமிழ்ப் பிள்ளைக்கு மேசை எப்படிப் பெண் ஆகும் என்று தோன்றும், என் மகளும் கேட்டாள், காரணம் கிடையாது என்றுதான் சொன்னேன். பெயரைத் தனியாக மனப்பாடம் செய்துவிட்டு பாலைப் பிறகு ஒட்டவைப்பது இரட்டை வேலை. எங்கள் வீட்டில் எல்லுக்கு நீலத் தாள், லாவுக்கு மஞ்சள் தாள். இளஞ்சிவப்பு வேண்டாம், அதை வைத்து வேறு கதை வளரும்.

ஓ என்று முடிந்தால் பெரும்பாலும் எல், ஆ என்று முடிந்தால் பெரும்பாலும் லா. குவதேர்னோ (நோட்டு), லீப்ரோ இரண்டும் எல். மொச்சீலா (புத்தகப் பை), றேக்லா, ஸீயா, புவேர்தா (கதவு), பென்தானா, ஓஹா எல்லாம் லா. பொறுக்கி எடுத்துச் சொல்ல வேண்டியவை மூன்று: எல் மாப்பா (வரைபடம்), எல் தீயா (நாள்), லா மானோ (கை). லாப்பிஸ், பப்பேல், புப்பீத்ரெ (மாணவர் மேசை), எஸ்தூச்செ (பென்சில் பெட்டி), றெலோஹ் (கடிகாரம்) எல்லாம் எல். கத்தரிக்கோல் எப்போதும் பன்மை, லாஸ் திஹேராஸ். பென்சில் சீவும் துருவி ஒன்றே ஒன்றாக இருந்தாலும் எல் ஸக்கபூன்தாஸ், அந்த ஸ்ஸைப் பார்த்துப் பன்மை என்று ஏமாற வேண்டாம். கர்பேத்தா என்றால் தரைவிரிப்பு இல்லை, கோப்பு உறை. நான் ஒரு மாதம் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேஸா என்றதும் மேசை நினைவுக்கு வருகிறதா? தற்செயல் இல்லை. நம் மேசை போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது, அவர்களுடைய சொல்லும் ஸ்பானிஷ் சொல்லும் உடன்பிறப்புகள். அலமாரியும் அப்படி வந்ததுதான், ஸ்பானிஷில் எல் அர்மாரியோ. ஆனால் எல்லாவற்றையும் நம்ப முடியாது. சன்னலும் சாவியும்கூட போர்ச்சுகீசிய வரவுதான், ஸ்பானிஷில் அவை பென்தானா, யாவெ. பேனாவும் அங்கிருந்து வந்ததே, ஸ்பானிஷில் பேனா என்றால் துயரம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் எங்கிருந்து வந்தது என்று கேட்டுத் துளைப்பார்கள், நேரம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு நான் கைவிடாமல் வைத்திருப்பது பை விளையாட்டு. இரவு எட்டு மணிக்குப் பள்ளிப் பையை அடுக்கும்போது "கே ஆய் என் து மொச்சீலா?" (உன் பையில் என்ன இருக்கிறது?) என்று கேட்பேன். "ஆய் உன் லீப்ரோ", "ஆய் உனா றேக்லா" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பாள். எப்படியும் செய்ய வேண்டிய வேலை, தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. இரண்டு வாரம் போனதும் நிறத்தைச் சேருங்கள். நிறம் பின்னால் வரும், நம்மைப் போல முன்னால் அல்ல: உன் லாப்பிஸ் றோஹோ, உனா மொச்சீலா றோஹா. பெண்பால் பொருளுக்கு நிறமும் ஆ என்று முடியும். பச்சை (பேர்தெ), நீலம் (அஸூல்) இரண்டும் பால் பார்த்து மாறாது, அதனால் அந்த இரண்டில் தொடங்கினால் சண்டை குறைவு. வீடு முழுக்கத் தாள் ஒட்டுகிற பழக்கம் பற்றி: ஒரே நாளில் முப்பது தாள் ஒட்டினேன், மூன்றாம் நாளிலிருந்து அவள் கண்ணுக்கு அவை தெரியவே இல்லை. ஐந்து போதும், வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

எண்கள் பக்க எண்ணுக்காகத் தேவை. ஆப்ரன் எல் லீப்ரோ என் லா பாஹினா தோஸெ, அதாவது 12-ஆம் பக்கம். ஒன்றிலிருந்து இருபதுவரை போதும். ஸேய்ஸ் (6), ஸியேத்தெ (7) இரண்டும் குழம்பும், தனியாகப் பழக்குங்கள். இருபது என்பது பேய்ன்தெ, ப-வைக் 'கம்பு' ப-வாகச் சொல்ல வேண்டும் என்றாலும் பேய் என்ற நினைப்பிலேயே பிள்ளைகள் மறப்பதில்லை.

எந்த நாட்டுச் சொல்?

இணையத்தில் இறக்கிய பட்டியலில் ஒரு சொல், டீச்சர் வாயில் வேறு சொல். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். கரும்பலகை ஸ்பெயினில் லா பிஸாறா, மெக்சிகோவில் எல் பிஸறோன், கொலம்பியாவில் எல் தப்லேரோ. கணினி ஸ்பெயினில் ஓர்தெனதோர், மெக்சிகோவில் கொம்ப்புத்ததோரா. சாக்பீஸ் கதை இன்னும் வேடிக்கை. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவாத்திலிருந்து எடுத்த தீஸா என்ற சொல்லை ஸ்பெயின்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், மெக்சிகோக்காரர்களோ இலத்தீன் வழி வந்த ஹிஸ் என்ற சொல்லைச் சொல்கிறார்கள். வீடு மாறிப்போன இரண்டு சொற்கள்.

பேனாவுக்கு ஊருக்கு ஒரு பெயர்: ஸ்பெயினில் பொலீக்ரஃபோ, மெக்சிகோவில் ப்லூமா, பெருவில் லப்பிஸேரோ, கொலம்பியாவில் எஸ்ஃபேரோ. அர்ஜென்டினாவில் பிரோமெ என்றும் சொல்வார்கள், அங்கே குடியேறி 1943-ல் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை வாங்கிய ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பிரோவின் பெயரும் அவர் கூட்டாளி மெய்னெயின் பெயரும் ஒட்டிப் பிறந்த சொல். இதில் ஒரு கண்ணி: மெக்சிகோவில் லப்பிஸேரோ என்றால் பேனா இல்லை, முள் பென்சில் (மெக்கானிக்கல் பென்சில்). எது சரி என்று வாதாட வேண்டாம், உங்கள் டீச்சர் சொல்வதே சரி. ஆண்டுத் தொடக்கத்தில் பலகை, பேனா, அழிப்பான், துருவி, கணினி ஆகிய ஐந்தையும் எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதிக் கேட்டேன், மறுநாளே பதில் வந்தது.

எழுத்து விஷயத்தில் இரண்டு மட்டும். சந்தையில் விற்கிற எழுத்து அட்டைகள் சிலவற்றில் சே (ch), எய்யே (ll) என்று இரட்டை எழுத்துகள் தனி எழுத்தாக இருக்கும். 2010-ல் அவை அகரவரிசையிலிருந்து நீக்கப்பட்டு இப்போது இருப்பது 27 எழுத்து, அட்டை பழசு என்று அர்த்தம். இன்னொன்று, கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்தில் தலைகீழ்க் கேள்விக்குறி. ஸ்பானிஷ் மொழிக் கழகம் 1754-ல் கொண்டுவந்தது. படிக்கும்போது இது கேள்வி என்று முதலிலேயே தெரிந்துவிடுவதால் குரலை ஏற்றி வாசிக்க வசதி. பிள்ளைக்கு இதைப் போடப் பிடிக்கும், மறக்கவும் மறக்கும்.

நாளுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளை பள்ளியிலிருந்து அலுத்து வந்த நாளில் கட்டளை விளையாட்டை விட்டுவிட்டு பை அடுக்குவதை மட்டும் வையுங்கள். ஒரு மாதம் கழித்துச் சரிபார்க்க வேண்டுமென்றால் அட்டையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்காதீர்கள். அடுக்களையிலிருந்து, முகத்தைக்கூடக் காட்டாமல், "ஸாக்கா எல் குவதேர்னோ" என்று சொல்லிவிட்டு, பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.